மஞ்சள் அட்டைக்கு மஞ்சள் அட்டை

பாய், உங்கள் பாலைவனப் புத்தகத்தை நேற்று சரவணம்பட்டியில் ஒரு காபிக் கடையின் சுவர் அலமாரியில் பார்த்தேன். அலங்காரத்துக்கு, நிறவாரியாகப் புத்தகங்களை வரிசை கட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கண் மூடியபிறகு கடையைக் காலி செய்த உங்கள் மகன் எடைக்குப் போட்டது, சுற்றிச் சுற்றி அங்கே சேர்ந்திருக்கிறது.

பம்ப் உதிரிபாகம் வாங்க வந்த ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். மார்கழிக் குளிரில் ஏசி வேறு. காபியில் பட்டைத் தூள் நாற்றம். நிமிர்ந்தால், புத்தகத்தின் மஞ்சள் முதுகில் நீங்கள் சிவப்புக் கம்பளி நூலால் போட்ட தையல்.

காந்திபுரத்தில் என் பம்ப் கடைக்குப் பக்கத்துக் கடை உங்களுடையது. ஊருக்கெல்லாம் கம்பளி விற்ற நீங்கள்தான் குளிருக்கு முதலில் நடுங்குவீர்கள். கடை திறந்ததும், போணிக்கு முன்னால், சத்தமாக ஒரு பக்கம் படிப்பீர்கள். மணல் கொதிக்கும், ஒட்டகம் படுத்துக்கொள்ளும், தோல்பையில் தண்ணீர் தீரும். பக்கம் முடிவதற்குள் மப்ளர் கழன்றிருக்கும்.

"ஏனுங்க பாய், நீங்களே மப்ளரக் கழட்டிப்போட்டா கம்பளிய எவன் வாங்குவான்?"

"வாங்குறவங்களுக்குக் குளிரட்டுங்க மொதலாளி. எனக்கு வெயில் வந்துபோச்சு."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் கழுத்து வேர்க்கும்.

நேற்று உருவிப் பார்த்தேன், வரவில்லை. அடியில் பசை. யாரும் படித்துவிடக் கூடாதென்றே காசு செலவழித்து ஒட்டியிருக்கிறான் கடைக்காரன். ஒருவன் அதன்மேல் எண்ணெய்த் தலையைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டான். காபியை அப்படியே வைத்துவிட்டேன்.

"அது விக்கிறதில்லைங்க சார், டிஸ்ப்ளே" என்றார் மேனேஜர்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா கண்ணு?"

"தெரியாதுங்க. மஞ்சள் வரிசைங்க அது. எடுத்தா ஓட்டை தெரியும்."

எத்தனையோ அடாவடிக்காரர்களோடு பேரம் பேசியிருக்கிறேன். இப்படி, தன் சரக்கு என்னவென்றே தெரியாத ஒருவரிடம் பேசியதில்லை. காசை நீட்டினேன், தொடவில்லை. ஓட்டைதான் அவருக்குக் கவலை.

இன்று காலை, போணிக்கு முன்னால், என் கடையில் ஒரு பக்கம் படித்தேன். சத்தமாகத்தான். அடிவரிகள் பசையோடு கிழிந்து போய்விட்டன. அவை உங்கள் குரலில் எனக்கு மனப்பாடம், சொல்லிக்கொண்டேன். மப்ளர் கழன்றுவிட்டது பாய்.

நேற்று மேனேஜரிடம் பேசி முடித்தது இதுதான்: உங்கள் புத்தகத்துக்குப் பதில் அதே உயரம், அதே மஞ்சள், உள்ளே எது இருந்தாலும் சரி, ஒட்டுகிற வேலை என்னுடையது. மஞ்சள் அட்டை போட்ட போன வருசத்து பம்ப் விலைப் பட்டியலைக் கடையிலிருந்து கொண்டுபோய் நேற்றே ஒட்டிவிட்டு வந்தேன்.