அரை நிமிட மின்சாரம்

போஹாங்,
நவம்பர் 26

தம்பி கீஹானுக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. கணவரின் தம்பி என்று உங்களை மரியாதையாகத்தான் அழைத்து வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் மட்டும் 'நீ' என்றுதான் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொண்டு படி.

குளிர்காலத்துக்குக் கிம்சி ஊறுகாய் போட்டாயிற்று. அறுபது கோஸ். முள்ளங்கி முழுக்க நானே அரிந்தேன். உன் அண்ணன் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நம் மீன் கடையிலும் அதே கதைதான். மீன் வெட்டுவது நான். "என்னம்மா, துண்டு செங்கல் மாதிரி இருக்கு? சங்குன் அண்ணன் வெட்டினா காகிதமா வருமே!" என்று நேற்று ஒரு வாடிக்கையாளர் உன் அண்ணன் காதுபடவே சொன்னார். அவர் தொட்டியில் நீந்தும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் பக்கவாதம் வந்தபோது அந்தக் கை மரக்கட்டையாய்க் கிடந்தது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் தலையில் ஈரப் பஞ்சு வைத்து, வலிக்காமல் மெல்லிய மின்சாரம் விடுகிறார்கள், கூடவே கைக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள், கையை ஆட்டும் மூளைப் பகுதி விழித்துக்கொள்ளும் என்று நீதான் வந்து சொன்னாய். பாதிப் பேருக்கு மின்சாரம் விடுவதுபோல் நடிப்பு மட்டும்தான், யாருக்கு எது என்று முடியும்வரை யாருக்குமே தெரியாது என்றும் முதல் நாளே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் இருக்கும்.

வாரம் மூன்று நாள், எட்டு வாரம், தேகு நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு பஸ் ஏறினோம். தலையில் பஞ்சோடு உட்கார்ந்து, பலகைத் துளைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகுவார். குச்சி விழும், எடுப்பார், மறுபடி விழும். முதுகெல்லாம் வியர்வை. ஐந்தாவது வாரம் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சுசோக் அறுவடைத் திருநாளில் முன்னோர் படையலுக்கு மூத்த மகனாக அவரே மதுக்கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஊதுபத்திப் புகைமேல் மூன்று சுற்றுச் சுற்றினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. போன வருடம் அவருக்குப் பதிலாக நீ சுற்றியபோது அவர் சுவரைப் பார்த்து நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அப்புறம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். உன் வாய் சும்மா இருந்ததா? முந்தின நாள்தான் யாருக்கு எது என்ற பட்டியலைத் திறந்து பார்த்தீர்களாம். "அண்ணே, அதிசயம் கேளுங்க! உங்க தலைக்கு மின்சாரமே வரல. ஆரம்பத்துல அரை நிமிஷம் மட்டும், நிஜம்னு நம்பற மாதிரி லேசா அரிப்பு தெரியறதுக்கு. அப்புறம் மெஷின் தானா நின்னுடுச்சு!" என்றாய். பாராட்டத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் சித்தப்பாவையும் மச்சான்களையும் உட்கார வைத்துக்கொண்டா சொல்வது? "அடப்பாவி, வெறும் ஈரப் பஞ்சுக்கா இத்தன நாள் பஸ் ஏறின?" என்று சித்தப்பா கேட்டார். வீடே சிரித்தது. உன் அண்ணன் கரண்டியை வைத்துவிட்டுக் கையைப் பைக்குள் விட்டார். இன்னும் வெளியே எடுக்கவில்லை.

மூளையைப் பற்றி இத்தனை வருடம் படித்தாயே, சொந்த அண்ணன் மனதைப் பற்றி ஒரு வரி தெரியவில்லையா? அந்தக் கையை மின்சாரம் தூக்கவில்லை என்றால் அவர்தானே தூக்கினார்! இதைத் தினமும் சொல்கிறேன். "ஏமாந்தவனுக்கு ஆறுதல் வேறயா? போடி" என்கிறார். நடிப்பு மட்டும் கிடைத்தவர்களுக்கு டிசம்பரில் நிஜ மின்சாரம் கொடுப்பார்கள், சிலருக்குப் பலன் இருக்கிறது, சிலருக்கு இல்லை என்று நீ செய்தி அனுப்பியதையும் காட்டினேன். "மறுபடியும் என்னைக் கோமாளி ஆக்கணுமா?" என்று எழுந்து போய்விட்டார். குச்சிப் பலகை அலமாரிமேல் தூசி படிந்து கிடக்கிறது. விரல்கள் மறுபடி மடங்க ஆரம்பித்துவிட்டன. இப்படியே விட்டால் இறுகிவிடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

உன்னை மட்டும் திட்டினால் நியாயமாகாது. அன்று சித்தப்பா கேட்டதும் முதலில் சிரித்தது நான்தான். நீ பார்த்திருக்க மாட்டாய். அவர் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய் அல்லவா? "தம்பி உங்ககூடப் பேசணுமாம்" என்று போய்ச் சொன்னேன். "அந்த நாய்கூட எனக்கென்ன பேச்சு!" என்று மேசையில் ஓங்கி அடித்தார். சூப்புக் கிண்ணம் கவிழ்ந்தது. அடித்தது வலது கை. அவர் கவனிக்கவே இல்லை. அந்த மேசையை நான் எவ்வளவு நேரம் துடைத்தேன் என்று எனக்கே தெரியாது.

அதனால் சனிக்கிழமை வா. பழப் பெட்டி வேண்டாம். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்காதே, அவர் இரக்கப்பட்டுவிடுவார். நேர் எதிரே உட்கார்ந்து டிசம்பர் மின்சாரத்தைப் பற்றிப் பேசு. கத்துவார், பேசிக்கொண்டே இரு. வலது கையை ஓங்கினால் விலகாதே.

மூக்குக் கண்ணாடியை மட்டும் முன்னாலேயே கழற்றி வைத்துவிடுங்கள், தம்பி. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் அண்ணி,
பே ஓக்சின்