கல்யாண வீட்டு முருங்கை

க்லாதென்

அன்பு மகள் வெனிங்குக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கிருபையில் நான் சுகம், உன் தங்கை லாரஸ் சுகம், கோழிகளும் சுகம். தைவான் குளிரில் உன் உடம்பும் மனசும் நன்றாயிருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆராய்ச்சிப் பொடியைப் பெரிதாக்கி எடுத்து நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன், ரவையைக் கொட்டிவைத்த மாதிரி இருக்கிறது, அதில் ஒரு மணி தலைமுடியை ஆயிரமாகப் பிளந்ததில் ஒரு பங்கு என்கிறாய். நம் கொல்லை முருங்கையிலையைக் கஷாயமாக்கி, துத்தநாக உப்பைக் கரைத்து, காய்ச்சிச் சுட்டால் வெள்ளைப் பொடி வரும், அதைத் தடவிய சில்லு கேஸ் கசிந்தால் மோப்பம் பிடிக்கும் என்று நீ சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் விஷ மருந்து ஊற்றிச் செய்வதை என் பெண் கீரைச்சாறு வைக்கிற மாதிரி செய்கிறாள், பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும். உனக்கு அனுப்பிய முதல் இலைப் பொட்டலத்தில் சாற்றுக்குப் பறிப்பதுபோல் கொழுந்தாக அனுப்பி உன்னிடம் திட்டு வாங்கினேனே, இந்த முறை முற்றிய இலையாகவே நிழலில் உலர்த்தியிருக்கிறேன்.

ஆனால் லாரஸ் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அந்த மரத்துக்கே ஆபத்து வந்தது. மணப்பெண் அலங்காரம் பேச வந்த சுமர்னி அம்மா கொல்லையை எட்டிப் பார்த்ததும் முகம் சுளித்தாள். இறந்தவர் மய்யித்தைக் குளிப்பாட்டுகிற தண்ணீரில் போடுகிற இலை, பெண்ணின் முகக்களையை உறிஞ்சிவிடும், மரத்தை வெட்டினால்தான் சீப்பைத் தொடுவேன் என்றாள். உன் சித்தப்பா அரிவாள் தீட்டவே போய்விட்டார். வேறு மரத்து இலை போட்டால் துகளின் அளவு மாறும், இதுவரை அளந்ததெல்லாம் வீண் என்று நீ சொன்னது ஒரு பக்கம், கல்யாணம் ஒரு பக்கம் என்று இரண்டும் என்னை இழுத்தன. லாரஸ்தான் எழுந்து வந்தாள். "களை போனா இன்னும் ரெண்டு கை பவுடர் அப்புங்கம்மா. அக்காவாலதான் கல்யாணத்துக்கு வர முடியலை, அவ மரமாவது நிக்கட்டும்" என்றாள். சுமர்னி அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். கல்யாணத்தன்று களைக்கு ஒரு குறைவுமில்லை, லாரஸின் படத்தை இப்போது அவளே தன் கடையில் மாட்டியிருக்கிறாள்.

உன் அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய தண்ணீரில் இந்த மரத்து இலையைத்தான் போட்டேன். அதன்பிறகு அந்தப் பக்கமே போகாதவள் உனக்காகத்தான் மறுபடி கிளையைத் தொட்டேன். இப்போதெல்லாம் பறிக்கும்போது அழுகை வருவதில்லை, உன் நினைப்புதான் வருகிறது.

வேளைக்குச் சாப்பிடு, உலைப் பக்கம் கவனமாக இரு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும் மகளே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: எனக்கும் ஒருநாள் இந்த இலை வேண்டியிருக்கும். அதைத் தண்ணீரில் போட வருவதற்கு முன்னால், என்னோடு நின்று பறிக்க ஒருமுறை வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
மரத்துக்குக் காவலிருக்கும் உன் அம்மா
சுலஸ்த்ரி