சின்னக் காவடி என்று சொல்லாத சாட்சி

மச்சான்,

இன்று காலை சேன் பியேர் முருகன் கோயிலைத் தாண்டும்போது பச்சை மூங்கில் வாசம் மூக்கில் ஏறியது. பையன்கள் காவடி கட்டுகிறார்கள். அடுத்த மாதம் தீவுக்குச் சுதந்திரம் என்று ஊரே குதிக்கிறது. ஏழு கடலையும் எட்டு மலையையும் சிரிக்கவைத்த உன் மச்சான் நானோ, மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன்.

சில வருடங்களுக்கு முன் கரும்பு வண்டி உன் முதுகின் மேல் கவிழ்ந்தது. இனி குனிய முடியாது என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். அரசாங்கமோ "வேலை செய்யத் தக்கவர்" என்று உதவித்தொகையை மறுத்துவிட்டது. நீ தைப்பூசத்தன்று காவடி எடுத்ததை யாரோ ஓர் அதிகாரி பார்த்துவிட்டாராம். முதுகு குணமாக வேண்டும் என்றுதான் எடுத்தாய் என்று அவருக்கு யார் சொல்வது? அன்று கோயிலிலேயே சின்னக் காவடி உன்னுடையது. பாரத்தை இருபுறமும் நானும் உன் தம்பியும் தாங்கினோம். நீ தோளை மட்டும் கொடுத்தாய்.

வழக்குப் போட்டோம். என் தங்கச்சி, உன் பெண்டாட்டி, விசாரணை அன்று காலையே எச்சரித்தாள்: "அண்ணே, உள்ளதை மட்டும் சொல்லு. உன் புளுகெல்லாம் வேண்டாம்."

"உண்மை என் நாக்கில் குடித்தனம் நடத்துது, போடி" என்றேன்.

சாட்சிக் கூண்டில் ஏறினால், பின்பெஞ்சு முழுக்கக் கோயில் ஆட்கள். நம் வக்கீல், நமக்கு உதவத்தான், தீவின் கிரியோல் மொழியில் கேட்டார்: "அது சும்மா ஒரு பொம்மை மாதிரிதானே, மிஸ்யே?"

ஆமாம் என்ற ஒரு சொல். அதற்குத்தான் என்னை அழைத்துப் போயிருந்தீர்கள். ஆனால் முருகனின் காவடியைப் பொம்மை என்கிறாரே என்று எனக்குப் பொங்கிவிட்டது.

"பொம்மையா? தேர் ஐயா, தேர்! நாலு மாடு இழுக்காது! என் மச்சான் ஒற்றைத் தோளில் சுமந்தான், முகம்கூடச் சுளிக்கவில்லை!"

பின்பெஞ்சு பூரித்தது. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். உட்கார முடியாமல் சுவரைப் பிடித்து நின்றிருந்தாய். "ஐயா, புளுகிவிட்டேன்" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். கோயில் ஆட்கள் முன்னால் வாய் வரவில்லை.

உதவித்தொகையை மறுத்தது சரிதான் என்று தீர்ப்பானது. திரும்பும்போது பஸ்ஸில் நீ திட்டவில்லை. "என்னை ரொம்பப் பெரிய ஆளாக்கிட்டே, மச்சான்" என்றாய். அடுத்த திங்கட்கிழமை தோட்டத்தில் கல் பொறுக்கப் போனாய். தங்கச்சி தினமும் குனிந்து உனக்குச் செருப்பு மாட்டிவிடுவாள். அதைப் பார்க்க நேருமே என்று காலையில் உங்கள் தெருப்பக்கமே வரமாட்டேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ மாலைகளில் வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வேடிக்கைக் கதை சொல்லி, நீ விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் எழுந்து போய்விட்டேன்.

போன வருடம் சுடுகாட்டில் உன்னைக் கிடத்தியபோது எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள், ஏதாவது பிரமாதமாகப் பேசுவேன் என்று.

"அவனுக்கு முதுகு வலித்தது. ஒவ்வொரு நாளும் வலித்தது" என்றேன்.

கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்ன சாட்சி அது ஒன்றுதான். எழுதிக்கொள்ள அங்கே நீதிபதி இல்லை.