ரத்னாவின் நாஸ்தரில் சாக்லேட்

அன்பு மகன் அருள்குமாருக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் உன் மனைவி ரத்னாவும் சுகமாக இருக்கிறோம், கப்பலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது, அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

ரத்னாவுக்கு நல்லம்பள்ளியில் இது முதல் கிறிஸ்துமஸ். இந்தோனேசியாவில் அவள் பிறந்த சுரபாயாவில் பண்டிகைக்குச் செய்வார்களே, அன்னாசி ஜாம் வைத்த நாஸ்தர் பிஸ்கட், அதை ஆசையாகச் செய்து, சபையார் பாட்டுப் பாட வந்த அன்று தட்டில் வைத்தாள். உன் அத்தை செல்லம்மாள் ஒரு கடி கடித்துவிட்டு, என்ன இது, பிஸ்கட்டுக்குள்ள ஊறுகாய வச்ச மாதிரி புளிக்குது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள், தட்டு அப்படியே திரும்பியது. ரத்னா டப்பாவை மூடிவிட்டு, இனி செய்யமாட்டேன், பண்டிகைக்குக் கோயிலுக்கும் வரமாட்டேன் என்றாள். எனக்கு மனசு ஆறவில்லை. நீ செஞ்சத இந்த ஊரு கேட்டு வாங்கித் தின்னணும் கண்ணு, அதுவரைக்கும் நான் வுடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே தருமபுரி போய்க் கோகோ பவுடரும் சாக்லேட் கட்டியும் வாங்கி வந்தேன். ஜாமே வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அவள், அன்னாசி இல்லேனா அது நாஸ்தரே இல்லீங்க அத்தை என்று பிடிவாதமாக நின்றாள். சரி, ஜாம் இருக்கட்டும் என்று சர்க்கரை கூட்டிச் சுண்டக் காய்ச்சினோம், மாவில் கோகோ கலந்தோம். குக்கரில் உப்பைப் பரப்பி வேகவைத்ததில் முதல் தடவை அடி கருகியது, அடுத்தது தொட்டாலே உதிர்ந்தது, அதையும் அப்பா பாவம் அள்ளித் தின்றார். வெண்ணெய் கூட்டி, தீயைக் குறைத்து, மேலே சாக்லேட்டை உருக்கி ஊற்றிய பிறகுதான் சரியாக வந்தது.

கோயிலுக்கே வரமாட்டேன் என்றவள், கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் தட்டோடு நின்றாள், நானும் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். உன் அத்தையும் வந்து ஒன்று தின்று, இன்னொன்றும் எடுத்துக்கொண்டு, எனக்கும் சொல்லிக்குடு புள்ள என்றாள். அதற்கு உன் மனைவி, சொல்லித் தரேங்க, ஆனா ஈஸ்டருக்கு சாக்லேட் போடாததும் செய்வேன், அதையும் நீங்க தின்னணும் என்றாளே பார்க்கலாம்! அத்தையே சிரித்துவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் டெக்கில் நிற்காதே. கரை இறங்கியதும் மறக்காமல் சுரபாயாவுக்குப் போன் செய். சாக்லேட் சேர்த்ததற்குச் சம்பந்தியம்மா கோபப்பட்டால், எல்லாம் எங்கம்மா வேலை என்று சொல்லிவிடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

உன் அம்மா,
பானுமதி