திங்களும் வியாழனும்

ஜொம்பாங், புதன் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு, சலாம். உங்கள் இடுப்புவலி தேவலையா? நான் நலம். விடுதியில் எல்லாரும் தூங்கியபின் போர்வைக்குள் எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

திங்களன்று வகுப்பில் லேசாகத் தலை சுற்றியது, பயப்படாதீர்கள். ஹனீஃபா ஆசிரியை நோன்பை முடிக்கச் சொல்லித் தேநீர் கொடுத்தார். "பாருங்கடி, ரமலான் முடிஞ்சும் திங்கள், வியாழன் விடாம நோன்பு வைக்கிறா. நீங்களும் இருக்கீங்களே!" என்றார். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் நோன்பைப் பற்றி நான் பேச வேண்டுமாம்.

அம்மா, அது அல்லாஹ்வுக்காக வைத்த நோன்பில்லை. நாங்கள் நால்வர் ஒரே தட்டில் சாப்பிடுவோம். "குண்டம்மா, தள்ளி உட்காருடி, எங்க கையும் உள்ள போகணும்ல?" என்பாள் ரொகாயா. அதனால்தான் மெலிய நினைத்தேன். நோன்பு என்றால் ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் மறுநாள் பசி தாங்காமல் இரண்டு பங்கு சாப்பிடுகிறேன். உடம்பு குறையவே இல்லை, மனமும் விட்டுப்போகிறது.

அடுத்த முறை பெரிய அளவில் ஒரு பாவாடை கொண்டு வாருங்கள். சோயா டெம்பே வறுவல் வேண்டாம். இல்லை, கொஞ்சமாகக் கொண்டு வாருங்கள். சீக்கிரம் வாருங்கள்.

ஆசிரியையிடம் காலையிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்ன சொல்வாரோ தெரியவில்லை. யாரோ எழுந்துவிட்டார்கள். நாளை வியாழன், அம்மா. நான் சாப்பிடப் போகிறேன்.

உங்கள் முத்மைனா