அத்தையின் புடவையில் ஒரு தோரணம்

திருத்தணி,
ஆனி கடைசி வெள்ளி.

அன்புள்ள வசந்தி அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி நிர்மலா வணக்கத்துடன் எழுதுவது. சூரத்தில் நீங்களும் அண்ணனும் நலமா? போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தானே கிழிப்பீர்கள் என்று எழுதுகிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாது.

எனக்கு ஒரே அசதி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு வந்தால் வீட்டு அடுப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இவர் பொதட்டூர்பேட்டை தறிக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார். சர்க்கரை ஏறியிருக்கிறது, சொன்னால் கேட்கிற ஆளா? எங்கள் மோனிஷாவுக்கு ஐந்தாம் மாதம். ஆவணியில் வளைகாப்பு செய்ய வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

இரண்டு வருஷம் முன்பு ஆடிக்கிருத்திகை அன்று அத்தை போனதிலிருந்து நம் வாசல் மொட்டையாகத்தான் இருக்கிறது. பண்டிகை நாளில் சாவு விழுந்தால், இறந்தவர் பெற்ற மகள் வந்து தோரணம் கட்டினால்தான் மறுபடி நல்ல காரியம் என்பது உங்கள் வீட்டு வழக்கம். நான் கொண்டுவந்ததல்ல. எதிர்வீட்டுப் பூவம்மாள், யார் கட்டினால் என்ன, நானே கட்டுகிறேன் என்றாள். இவர் முறைத்த முறைப்பில் அவள் காபித்தூள் கேட்டு வருவதையே நிறுத்திவிட்டாள்.

உங்கள் கோபம் நியாயம் அண்ணி. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத மகளுக்கு எப்படி ஆறும்? ஆனால் அன்றைக்குக் காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. இப்போது எடுக்காவிட்டால் தெப்பம் முடிகிறவரை வண்டி நகராது என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். அக்கா அரக்கோணத்தில் இறங்கிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்று இவர் ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினார். யாரும் காதில் வாங்கவில்லை. பஸ் கிடைக்காமல் நீங்கள் வந்து சேர்ந்தபோது வீடு கழுவியாகிவிட்டது. இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றீர்கள். கெஞ்சியதையாவது இவர் உங்களிடம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

போன கிருத்திகைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று மாவிலை பறித்துக் கோத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். இலை சுருண்டுபோனது. பொங்கலுக்கும் அதே கதைதான். இரண்டு தடவையும் குப்பையில் கொட்டியவள் நான். இந்தத் தடவை காயாத தோரணம் செய்கிறேன் என்று உட்கார்ந்தார். அத்தைக்கு நீங்கள் எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவையில் கத்தரியை வைத்துவிட்டார். எவ்வளவோ சண்டை போட்டேன், கேட்கவில்லை. இலை இலையாக வெட்டி, தறியில் மிஞ்சிய நூலில் கோத்து, நடுநடுவே மஞ்சள் நூலைச் சாமந்திப்பூ மாதிரி சுற்றியிருக்கிறார். கரையைக் குஞ்சமாகத் தொங்கவிட்டிருக்கிறார். ஓரிரு இலை வாழையிலை அளவுக்கு இருக்கிறது, பார்த்தால் சிரித்துவிடாதீர்கள்.

முடிந்துவிட்டதே, சாமி படத்துக்காவது மாட்டலாமே என்று கேட்டேன்.

"அக்கா வந்து கட்டட்டும். நான் ஸ்டூல புட்ச்சிகினு நிக்கிறேன்" என்றார்.

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தையைத் தூக்கும்போதுகூட அழாத மனிதர் அண்ணி. நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

மன்னிப்புக் கேட்க அவருக்கு வராது. உங்களுக்கும் இறங்கி வர வராது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. நடுவில் நின்று நின்று நான்தான் ஓய்ந்துபோனேன். புடவையை வெட்டியதற்குச் சண்டை போட வேண்டுமென்றால் நேரில் வந்து போடுங்கள், நானும் உங்கள் பக்கம் சேர்ந்துகொள்கிறேன்.

கிருத்திகைக் கூட்டம் சேருவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். எந்த வண்டி என்று மட்டும் மோனிஷாவிடம் சொல்லுங்கள். அரக்கோணம் ஸ்டேஷனில் உங்கள் தம்பி நிற்பார். எத்தனை நேரமானாலும் நிற்பார். இந்தத் தடவை நீங்கள் வராமல் இந்த வீட்டில் எதுவும் நடக்காது.

மோனிஷாவையும் வயிற்றில் இருப்பதையும் உங்கள் வாயால் ஆசீர்வதியுங்கள்.

உங்கள்
நிர்மலா