(ஆ) எழவில்லை

பருத்திப்பட்டு,
நவம்பர் 5

சபீ,

அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

டில்லியிலிருந்து லீவில் வந்திருந்த நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். "வெற்றி எப்படிடி இருக்கான்? ஃபாரின்காரன் நம்மளையெல்லாம் மறந்துட்டானா?" என்று கேட்டாய். "நல்லா இருக்கான், வேலைதான் ஜாஸ்தி" என்றேன். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அம்மா டீ போட உள்ளே போனவள் வெகுநேரம் வரவே இல்லை.

நான் சொல்லாதது இதுதான். என் தம்பி அடைபட்டிருக்கிறான். டேட்டா என்ட்ரி வேலை என்று குமணன்சாவடி ஏஜென்ட் ஒருவன் அனுப்பிவைத்தான். அந்த நாட்டின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, சுற்றிலும் மதில் வைத்த கட்டடத்தில் உட்கார்த்திவிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்குத் தமிழில் போன் செய்து, முதலீடு என்று சொல்லிப் பணம் பறிப்பதுதான் வேலை. மறுத்தால் அடி. யாரிடமாவது போன் வாங்கி எப்போதாவது பேசுவான். கடைசியாகப் பேசியபோது, "அக்கா, இன்னைக்கு ஒரு பெரியவரு. ரிட்டயர் ஆனவராம். அப்பா மாதிரியே இருமுனாரு" என்றான். உடனே போனை வைத்துவிட்டான்.

அன்று என் வாயை அடைத்தது அந்த இருமல்தான். தம்பி சிக்கிக்கொண்டான் என்று யாரிடமும் சொல்லலாம். தம்பி ஏமாற்றுகிறான் என்று எப்படிச் சொல்வது?

கிளம்பும்போது உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். நாடாளுமன்றத்தில் அமைச்சர்களிடம் கேட்க, உங்கள் எம்.பி. மேடத்துக்குக் கேள்வி எழுதித் தருவதாக. அதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. ஆகஸ்டில் நான் வெளியுறவு அமைச்சகத்துக்கு மனு அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஓர் எண் வந்தது. அதோடு சரி. மனுவைப் படிக்காமல் இருக்கலாம். சபையில் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?

ஒரு கேள்வி, சபீ. போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் தாளில் கேட்கிறேன்.

உன் பக்கத்து பெஞ்சு,
கனிமொழி


புது டில்லி,
நவம்பர் 12

அடி கனி,

முதலில் திட்டிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து என் டிபன் பாக்ஸைத் தின்றவள் நீ. அன்று அந்த நாற்காலியில் யாரோ விருந்தாளி மாதிரி என்னை உட்காரவைத்து, முறுக்கு கொடுத்து அனுப்பினாயே, இதற்கு உனக்கு மன்னிப்பு கிடையாது. கடிதத்தை ஆபீஸ் கேன்டீனில் பிரித்தேன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது வேலையைப் பேசுவோம். நினைத்த அன்றே கேட்டுவிட முடியாது. பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்கவேண்டும். தனி ஆள் பெயர் வரக்கூடாது. எல்லா உறுப்பினர்களின் கேள்விகளையும் போட்டுக் குலுக்குவார்கள். அதில் முன்னால் வந்தால் நட்சத்திரக் கேள்வி. அமைச்சர் சபையில் எழுந்து பதில் சொல்வார், அங்கேயே துணைக்கேள்வி கேட்டு மடக்கலாம். பின்னால் போனால் எழுத்தில் பதில், அவ்வளவுதான்.

மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் எழுதியது இது: (அ) வேலை என்று ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்ட இந்தியர்கள் அந்நாட்டில் அடைத்துவைக்கப்பட்டிருப்பது அரசின் கவனத்திற்கு வந்துள்ளதா; (ஆ) ஆமெனில், எத்தனை பேர்; (இ) அவர்களை மீட்க எடுத்த நடவடிக்கை என்ன.

கேள்வி கொடுத்தாயிற்று என்று உங்கம்மாவிடம் சொல். இல்லை, நானே ஊருக்கு வந்து சொல்கிறேன். நீ சொன்னால் நியூஸ் வாசிப்பது மாதிரி இருக்கும்.

எப்போதும் உன்னுடைய,
சபீனா


பருத்திப்பட்டு,
டிசம்பர் 8

சபீ,

எழுத்தில் வந்த பதிலை நீ தமிழாக்கி அனுப்பியது கிடைத்தது. வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "(அ) இல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "(ஆ) மற்றும் (இ)..." 'எழவில்லை' என்ற உங்கள் சபை வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை. எழுத்துக்கூட்டினார். "எழவு... இல்லை."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னா எழவு? யார் ஊட்ல எழவு? சொல்லுய்யா!"

"கத்தாதமே. இல்லன்னுதான் போட்டுக்கீது. எழவு இல்ல."

"யாரு போட்டாங்க?"

"கவர்மென்ட்டு."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெற்றி பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவள் மனதுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "கவர்மென்ட்டே எழுதிக் குட்த்துட்ச்சா? அப்போ எம் புள்ள உசுரோட கீறான். இத்த மொதல்லயே சொல்லக்கூடாதாடீ?" என்று தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றி, அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி, பல வாரங்களுக்குப் பிறகு, அம்மா தூங்கினாள்.

கேள்வியே எழவில்லை என்று சொன்ன தாளுக்கு எங்கள் வீட்டில் தினமும் கற்பூரம் காட்டுகிறார்கள், சபீ.

எனக்குக் கோபம் அமைச்சர்மேல் மட்டும் இல்லை. உன் முதல் வரியைப் பார். "கவனத்திற்கு வந்துள்ளதா?" கேள்வியிலேயே தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறாய். அவர் "இல்லை" என்று அந்த வழியாகப் போய்விட்டார். பின்னால் நின்ற இரண்டும் கேள்வியாகவே ஆகவில்லை. இதை நீ அறியாமல் எழுதியிருக்கமாட்டாய். அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்பாய். யாருக்கு வசதியாக வந்த வழக்கம்?

"இல்லை" என்று பதில் சொல்லவே முடியாத கேள்வி ஒன்று எழுது. அந்நாட்டில் சிக்கியவர்களின் குடும்பங்களிடமிருந்து வந்த மனுக்கள் எத்தனை? என் கையில் ஓர் எண் இருக்கிறது. ஆகவே, குறைந்தது ஒன்று.

கனிமொழி


புது டில்லி,
டிசம்பர் 15

கனி,

நீ சொன்னது சரி. "கவனத்திற்கு வந்துள்ளதா" என்று ஆரம்பித்தால் கேள்வி தள்ளுபடி ஆகாது, யாருக்கும் உறுத்தாது. எங்களுக்கெல்லாம் கை அப்படியே பழகிவிட்டது.

ஆனால் நீ கேட்பதை மேடம் இப்போது தொடமாட்டேன் என்கிறார். "சூடு ஆறட்டும்மா, மழைக்காலக் கூட்டத்தொடரில் பார்க்கலாம்" என்றார். அமைச்சரைச் சபைக்கு வெளியே பார்த்து நயமாகச் சொல்லிப் பார்ப்பாராம். இரண்டாவது தடவை நான் கேட்டபோது முகம் மாறிவிட்டது. என் வேலை ஒரு கையெழுத்தில் நிற்கிறது, உனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபப்படாதே. எத்தனை பேர் என்று கேட்டால், அங்கே என்ன செய்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். வெற்றி திரும்பி வந்தால் மாலை போட மட்டும் யாரும் நிற்கமாட்டார்கள். விசாரிப்பார்கள். பணம் போன பெரியவர்கள் இருக்கிறார்கள். உன் தம்பி பெயர் பேப்பரில் எப்படி வரும் என்று யோசித்தாயா? ஜூலை வரை பொறு.

சபீனா


பருத்திப்பட்டு,
ஜனவரி 4

அன்புள்ள சபீனா,

யோசித்தேன். பொறுக்கமாட்டேன்.

குமணன்சாவடிக்குப் போனேன். செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஏஜென்ட் ஆபீஸில் இப்போது தையல் வகுப்பு நடக்கிறது. கீழே கடைக்கார மனோகரன் என்னைப் பார்த்ததுமே, "இன்னாமா, நீயும் புள்ளயத் தேடிகினு வந்தியா? அண்ணனா, தம்பியா?" என்றார். தம்பி என்றேன். "வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்துட்றாங்க. கடைல ரீசார்ஜ் பண்றவங்களவிட அழுவுறவங்கதான் ஜாஸ்தி. அந்தா குந்தினுகீதே சரசாக்கா, அதோட புள்ளயும் அங்கதான்."

சரசா அக்கா பூ கட்டிக்கொண்டிருந்தார். மகன் விஷயத்தை அக்கம்பக்கத்தில் சொல்லவில்லையா என்று கேட்டேன். "துபாய்ல கீறான்னு சொல்லிகினு கீறேன். நீ இன்னா சொல்லிகினு கீற?"

வேலை ஜாஸ்தி என்று சொல்வதாகச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் கட்டின பூவை மடியில் போட்டுக்கொண்டு அழுதார்.

எல்லாரும் இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் அங்கே "இல்லை" என்று எழுத முடிகிறது. என் தம்பி ஏமாற்றினான். அடிக்குப் பயந்து ஏமாற்றினான். இதை நானே சொல்கிறேன், யார் கேட்டாலும் சொல்வேன். பேப்பரில் வரட்டும். அவன் வந்து விசாரணைக்கு நிற்கட்டும். நிற்பதற்கு அவன் இங்கே வரவேண்டும்.

கேள்வியை நானே எழுதினேன்: (அ) அந்நாட்டில் அடைபட்டவர்களின் குடும்பங்களிடமிருந்து பெறப்பட்ட மனுக்கள் எத்தனை, மாதவாரியாக; (ஆ) அவற்றுள் பதில் அளிக்கப்பட்டவை எத்தனை; (இ) மற்றவற்றுக்குப் பதில் அளிக்காத காரணம் என்ன. "அரசு முன்வருமா", "ஆவன செய்யுமா" எதுவும் கிடையாது. கேட்கிறவள் நான். நான் எதற்குக் கெஞ்சவேண்டும்?

கீழே, அந்தக் கடைக்குத் தேடிவந்த ஒன்பது குடும்பங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், முழுப் பெயரோடு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்காமல் எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் நேற்று அனுப்பிவிட்டேன். உன் மேடத்துக்கும் ஒன்று வரும். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உன்னை எதிர்பார்க்கவும் இல்லை.

த. கனிமொழி


புது டில்லி,
பிப்ரவரி 13

த. கனிமொழி அவர்களுக்கு,

இனிஷியலோடு கையெழுத்துப் போட்டாய் அல்லவா, வாங்கிக்கொள்.

குலுக்கலில் மூன்றாவதாக வந்த உன் கேள்வி இன்று சபைக்கு வந்தது. கேட்டவர் ஏகாம்பரம் என்ற உறுப்பினர். இதுவரை சபையில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை. ஒரு வார்த்தை மாற்றாமல் கொடுத்திருந்தார். அமைச்சர் எழுந்தார். "பெறப்பட்ட மனுக்கள் இருநூற்றுப் பதினாறு." பதில் அளித்தவை பதினொன்று. காரணம், பரிசீலனை.

ஏகாம்பரம் துணைக்கேள்வி கேட்கத் தடுமாறினார். பாவம், தாளைத் தேடினார். அவைத்தலைவர் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். அப்போது எங்கள் மேடம் கையைத் தூக்கினார். காலையில் அவர் கோப்பின் மேல் நான் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தேன். வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மேடம் அதை அப்படியே படித்தார்: "டிசம்பரில் இதே அமைச்சர் 'இல்லை' என்றார். இன்று இருநூற்றுப் பதினாறு என்கிறார். எந்தப் பதிலைத் திருத்தப்போகிறார்?"

அமைச்சர் தண்ணீர் குடித்தார். பழைய பதிலுக்குத் திருத்தம் அவையில் வைக்கப்படும் என்றார்.

வெளியே வந்ததும் மேடம், "இனிமேல் சீட்டு வைக்கும்முன் என்னிடம் சொல்" என்றார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. கேன்டீனுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நீ எதிர்பார்க்காத,
சபீனா


பருத்திப்பட்டு,
மார்ச் 22

என் சபீ,

உனக்கு வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்த ஏகாம்பரத்துக்கும் நீதான் துணைக்கேள்வி எழுதித் தருகிறாயாமே.

திருத்தம் வந்தது. "இல்லை" இருந்த இடத்தில் இப்போது "ஆம்" இருக்கிறது. அப்பா அதை அம்மாவிடம் படித்துக் காட்டி, பழைய தாளின் அர்த்தத்தையும் சொல்லிவிட்டார். அம்மா படத்துக்குப் பின்னால் இருந்த பழைய தாளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அவன் எழுதுனது அவனுக்கு. நான் படிச்சது எனக்கு" என்றாள். பழைய தாளை எடுக்கவிடவில்லை. புதியதும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது.

தூதரகத்தார் மீட்டு அனுப்பி, வெற்றி வியாழக்கிழமை வந்தான். அவனோடு பதினான்கு பேர். சரசா அக்காவின் மகன் இன்னும் வரவில்லை. அடுத்த கேள்வியை எழுதிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன்.

நீ சொன்னதுபோலவே, விமான நிலையத்திலிருந்து நேரே விசாரணைக்கு அழைத்துப்போனார்கள். அப்பாவும் நானும் வாசலில் நின்றோம். சாயங்காலம்வரை கேட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் அவன் பதில் சொன்னான். அந்தப் பெரியவரின் பெயரையும் ஊரையும்கூடச் சொன்னான். பிறகு மூன்று பேரும் ரயிலேறி, ஆவடியில் இறங்கி வீட்டுக்கு வந்தோம்.

கனி